எனக்கும் சொல்ல ஒரு மலை

என் வீட்டுக்காரர் வருஷத்தில் மூன்று நாள் மலை ஏறுவார். மீதி நாளெல்லாம் அதைப் பற்றிப் பேசுவார். பெயர் அழகியநம்பி. திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் எங்களுக்குப் பாத்திரக்கடை. தை பிறந்து காட்டிலாகா பாஸ் கொடுக்க ஆரம்பித்தால் போதும், கடையைத் தம்பி கையில் விட்டுவிட்டு நாலு வியாபாரிகளோடு அகஸ்தியர்கூடம் கிளம்பிவிடுவார். போணக்காட்டில் இறங்கிக் காட்டுக்குள் நடந்து, அதிருமலையில் கஞ்சி குடித்துப் படுத்து, மறுநாள் கயிற்றைப் பிடித்துப் பாறையில் ஏறி, உச்சியில் அகத்தியருக்குப் பூப்போட்டுவிட்டு வருவார். அவர் வந்த பிறகுதான் எனக்குக் கஷ்டகாலம். சாம்பாரில் உப்பு குறைந்தால் அதிருமலைக் கஞ்சியின் ருசி வந்துவிடும். கரண்ட் போனால் காட்டு இருட்டு வந்துவிடும். மாடிப்படியில் எனக்கு மூச்சு வாங்கினால் கேட்கவே வேண்டாம், அன்றைக்குப் பாறையும் கயிறும் முழுசாக ஒரு தடவை.

பதிலுக்குச் சொல்ல என்னிடம் ஒரு மலையும் இல்லை. அந்தக் காலத்தில் பெண்களுக்கு அகஸ்தியர்கூடம் போகப் பாஸ் கிடையாது. ஒரு தடவை நானே போய்க் கேட்டேன். கவுண்டரில் இருந்தவர் நான் ஏதோ கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டதுபோல், "அது ஸ்த்ரீகளுக்கு இல்ல சேச்சி" என்று தாழ்ந்த குரலில் சொல்லி அனுப்பினார். நான் ஏறினது பழனி மட்டும்தான், அதுவும் விஞ்சில். இப்படி வருஷக்கணக்காகக் கேட்டுக் கேட்டு எனக்குள் ஒரு வெறியே வளர்ந்துவிட்டது. அவர் பார்க்காத ஒன்றை நான் பார்த்துவிட்டு வர வேண்டும். நான் சொல்ல வேண்டும், அவர் வாயை மூடிக்கொண்டு கேட்க வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

இரண்டாயிரத்து நாலில் ஒரு நாள் மத்தியானம் அவருக்குச் சோறு கொண்டு கடைக்குப் போயிருந்தேன். ஸ்ரீஜித் என்ற பையன் தட்டும் டம்ளரும் வாங்க வந்திருந்தான். சின்னதாக ஒரு டிராவல்ஸ் வைத்திருக்கிறானாம். கனம் இல்லாத தட்டாக வேண்டும், ரயிலில் பத்துப் பன்னிரண்டு பேர் சாப்பிட வேண்டும் என்றான்.

"எந்த ஊருக்குப் போறிய?" என்று இவர் கேட்டார்.

"நேபாளுக்கு, சேட்டா. அன்னபூர்ணா பேஸ் கேம்ப். ஹிமாலயமாக்கும். கோரக்பூர் வரைக்கும் ரயில், பின்னே பஸ், பின்னே நடப்பு. செலவு குறைச்சல் டூர்."

"என்ன உயரம் இருக்கும்?"

"நாலாயிரம் மீட்டருக்கு மேல உண்டு."

அகஸ்தியர்கூடம் அதில் பாதிகூட வராது என்பது எனக்கே தெரியும். எத்தனை தடவை கேட்டிருக்கிறேன். இவர் கையிலிருந்த தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "உயரத்துல என்ன இருக்கு? பாறைதான் முக்கியம்" என்றார்.

நான் தூக்குவாளியைக் கீழே வைத்தேன். "தம்பி, அங்க பொம்பளைக்குப் பாஸ் உண்டா?"

"எல்லாருக்கும் உண்டு, சேச்சி. அங்க ஆணும் பெண்ணும் ஒண்ணுதான். நடந்தா மதி, அது போதும்."

இவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஏட்டி கௌசல்யா, நீ பழனிக்கே விஞ்சுல போனவளாக்கும்!"

"அதனாலதான் கேக்கேன்" என்றேன். ஸ்ரீஜித்திடம் என் பெயரைச் சொல்லி எழுதிக்கொள்ளச் சொன்னேன். நான் விளையாடவில்லை என்று இவருக்குப் புரிய இரண்டு நாள் ஆயிற்று. மூன்றாம் நாள் தன் பெயரையும் கொடுத்துவிட்டு வந்தார். "உன்னைத் தனியா விட முடியுமா? மலை தெரிஞ்ச ஒருத்தன் கூட வேணும்லா" என்றார். அவர் வருவதாகச் சொன்னது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை, கூடவே வந்தால் நான் எதைப் போய் அவருக்குச் சொல்வது?

அவர் பயிற்சி ஒன்றும் செய்யவில்லை. அகஸ்தியர்கூடம் ஏறினவனுக்கு என்ன பயிற்சி என்பது அவர் கட்சி. நான் விடிந்ததும் எங்கள் வீடு இருக்கும் அட்டக்குளங்கரையிலிருந்து கிழக்கேகோட்டைக்கு நடந்து, பத்மநாபசுவாமி கோயில் நடைப் படிகளில் ஏறுவேன், இறங்குவேன், மறுபடி ஏறுவேன். காவல்காரர் முதலில் சந்தேகப்பட்டார், அப்புறம் கும்பிட ஆரம்பித்துவிட்டார். மகளுக்குக் கல்யாணம் ஆக வேண்டும் என்று நேர்ந்திருக்கிறேன் என்று தெருவில் பேச்சு. எனக்கு மகளே கிடையாது, மகன்தான். சேலைக்குக் கீழே கான்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு சாலைத் தெருவில் நடந்தபோது கடைப் பையன்கள் சிரித்தார்கள். சிரித்துக்கொள்ளட்டும் என்று இன்னும் வேகமாக நடந்தேன்.

ஏப்ரல் மாதம் கிளம்பினோம். எங்கள் கூட்டத்தில் பாதிப் பேர் ஆபீஸ்காரர்கள். எனக்குத் துணையாகக் கிடைத்தவள் எலிசாள். நெய்யாற்றின்கரைக்காரி, நர்ஸாக இருந்து அப்போதுதான் ரிட்டயர் ஆனவள். தைலம், மாத்திரை, வேத புத்தகம் மூன்றும் எப்போதும் கைப்பையில் இருக்கும். நாள் கணக்காக ரயிலில் கிடந்து, எல்லையைக் கடந்து, பஸ்ஸில் குலுங்கிப் போக்ராவில் இறங்கினோம். அங்கே குருங் என்ற நேபாளி வழிகாட்டி, இரண்டு உதவி ஆட்களோடு எங்களுக்காகக் காத்திருந்தார். மறுநாள் காலையில் பஸ் ஏறி, மலைப்பாதை தொடங்கும் இடத்துக்குப் போக வேண்டும்.

விடிந்தால் பந்த்.

நேபாளத்தில் அரசியல் குழப்பம் உச்சத்தில் இருந்த காலம் அது. தெருவில் ஒரு வண்டி இல்லை, ஒரு கடை திறக்கவில்லை. குருங், பஸ்ஸை நம்பாமல் இப்போதே நடக்க ஆரம்பித்துவிடலாம் என்றார். ஸ்ரீஜித் கையைப் பிசைந்துகொண்டு நின்றான். என் வீட்டுக்காரருக்கோ அப்போதுதான் முகத்தில் களை வந்தது. கோர்ட்டு பந்த் கூடாது என்று சொன்ன பிறகு அதையே ஹர்த்தால் என்று பேர் மாற்றி நடத்துகிற ஊரிலிருந்து வந்தவர் அல்லவா.

"ஸ்ரீஜித்தே, நீ பேடிக்காதே, பயப்பட ஒண்ணும் இல்ல" என்றார். "கடையடைப்பைப் பத்தி எனக்கு யாரும் சொல்லித் தராண்டாம். காலையில ஆறு, சாயங்காலம் ஆறு. ஆறு அடிச்சா ஷட்டரைத் தூக்குவான். பஸ்ஸெல்லாம் வரிசையா எடுப்பான். பஸ் போற ரோட்டுல காலை எதுக்கு வீணாக்கணும்?"

யாரும் மறுத்துப் பேசவில்லை. எல்லோரும் திருவனந்தபுரத்துக்காரர்கள், எல்லோருக்கும் அது தெரிந்த நியாயமாகவே பட்டது. குருங் ஏதோ சொல்ல வந்தார், நாங்கள் பன்னிரண்டு பேரும் தலையாட்டிய வேகத்தில் விட்டுவிட்டார். பகல் முழுக்கச் சீட்டு ஆடினோம். ஐந்தரைக்கெல்லாம் மூட்டையைக் கட்டிக்கொண்டு ரோட்டோரத்தில் வரிசையாக உட்கார்ந்தோம். ஆறு மணிக்கு டீக்கடை திறந்ததும் நிரப்ப வேண்டும் என்று ஃபிளாஸ்க்கைக் கழுவி வைத்திருந்தேன். நானும் அந்த ஊர்க்காரிதானே.

ஆறு அடித்தது. எதிரே இருந்த ஷட்டர் அசையவில்லை. ஆறரை ஆயிற்று. இருட்டத் தொடங்கியது. ஹோட்டல்காரர் வெளியே வந்து, ஏன் எல்லோரும் தெருவில் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று கேட்டார். ஸ்ரீஜித் விஷயத்தைச் சொன்னான். அவர் சிரிக்கவில்லை, பாவம் பார்த்தார். இந்த பந்த்துக்கு முடியும் நேரம் என்று ஒன்று கிடையாது, அறிவித்தவர்கள் முடித்தால்தான் முடியும் என்றார்.

"ஆறு மணிக்குத் தூக்காத ஷட்டரும் உலகத்துல உண்டா?" என்று இவர் கேட்டார். நிஜமாகவே மனசு உடைந்துதான் கேட்டார்.

அதற்கு மறுநாள் நடந்தோம். பஸ்ஸில் போக வேண்டிய ரோட்டையெல்லாம் நடந்தே தீர்த்தோம். அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது குருங் எல்லோரையும் உட்காரவைத்துப் பேசினார், ஸ்ரீஜித் மொழிபெயர்த்தான். உயரத்துக்கு உடம்பு பழக வேண்டும் என்று நடுவில் வைத்திருந்த ஓய்வு நாட்கள் இரண்டும், ஒன்று காத்திருந்ததிலும் ஒன்று ரோட்டில் நடந்ததிலுமாகப் போய்விட்டன. திரும்பும் ரயில் நமக்காக நிற்காது. ஆகவே ஓய்வில்லாமல் ஏற வேண்டும். தலைவலி வந்தால் மறைக்கக் கூடாது. முடியாதவர் அங்கேயே திரும்பிக் கீழே இறங்க வேண்டும், அதில் பேச்சே கிடையாது. எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். என் வீட்டுக்காரரும் என்னைத்தான் பார்த்தார்.

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. ஷட்டர் தூக்குவான் என்று சொன்னது நானா? இறங்கச் சொன்னால் என் எலும்பைத்தான் இறக்க வேண்டும் என்று மனசுக்குள் கறுவிக்கொண்டேன்.

சோம்ரோங் என்ற ஊரில் படிகள் ஆரம்பித்தன. ஏறினால் ஏறிக்கொண்டே இருக்கிற படிகள், ஏறினதையெல்லாம் வீணாக்கி ஆற்றுக்கு இறங்குகிற படிகள், மறுபடி ஏறுகிற படிகள். பத்மநாபா, உன் நடையை இத்தனை நாள் தேய்த்தது வீண் போகவில்லை என்று சொல்லிக்கொண்டே ஏறினேன். நான் மெதுவாகத்தான் ஏறினேன். குருங் எனக்கு ஒரே ஒரு நேபாளிச் சொல்லைக் கற்றுக்கொடுத்திருந்தார், 'பிஸ்தாரி'. மெதுவாக என்று அர்த்தம். என் வீட்டுக்காரருக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை. எல்லோருக்கும் முன்னால் போய் ஒரு பாறையில் ஏறி நின்றுகொண்டு, நாங்கள் மூச்சு வாங்க வருவதைப் பார்ப்பார். "இதெல்லாம் ஒரு ஏத்தமா? போணக்காட்டுல..." என்று தொடங்குவார். இமயமலையின் மடியில் உட்கார்ந்து நான் அகஸ்தியர்கூடம் கேட்டேன். தலையெழுத்து.

மூங்கில் காடு போய், மரங்கள் போய், புல் மட்டும் மிஞ்சியது. தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் கல்லாகிவிட்டது. இவருடைய பேச்சு குறைந்துகொண்டே வந்தது. நான் அதைக் கவனித்தேன், களைப்பு என்று நினைத்தேன். மச்சாபுச்சரே மலையடிவாரத்து முகாமுக்கு வந்து சேர்ந்த சாயங்காலம் அவர் சோறு வேண்டாம் என்றுவிட்டார். அங்கிருந்து அன்னபூர்ணா முகாம் இரண்டு மணி நேர நடைதான். விடியற்காலையில் போய்ப் பார்த்துவிட்டு அன்றைக்கே கீழே தேவுராலி வரை இறங்கிவிடுவது என்று திட்டம்.

இருட்டோடு எழுப்பினால் அவரால் எழுந்து உட்கார முடியவில்லை. வாந்தி எடுத்தார். தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். எத்தனை நாளாகத் தலைவலி என்று எலிசாள் அதட்டிக் கேட்ட பிறகுதான், முந்தின நாளே ஆரம்பித்துவிட்டது என்று சொன்னார். என்னிடம் சொல்ல அவருக்கு வெட்கம். குருங் வந்தார், கண்ணைப் பார்த்தார், நாலு அடி நடக்கச் சொல்லிப் பார்த்தார். இது எல்லோருக்கும் வருவதுதான், இறங்கினால் சரியாகிவிடும், மேலே மட்டும் போகக் கூடாது, உடனே இறங்க வேண்டும் என்றார்.

இந்தத் தடவையும் எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். ஸ்ரீஜித் என் பையை எடுத்து அவர் பை பக்கத்தில் வைத்தேவிட்டான்.

"ஸ்ரீஜித்து, அவருகிட்ட கேளு" என்றேன். "இவருகூட யாரு போறா?"

குருங் தன் உதவி ஆளைக் காட்டினார். பாறை மாதிரி இருந்தான். கையைப் பிடித்தே கூட்டிப் போவான், தேவுராலியில் பக்கத்திலேயே இருப்பான் என்றார். இந்த மாதிரி எத்தனையோ பேரை இறக்கியிருக்கிறானாம்.

"நான் இப்ப இவருகூட இறங்கினா, நாளைக்கு ஏறி வரலாமா?"

ஸ்ரீஜித் மொழிபெயர்க்கவே இல்லை. "இல்ல சேச்சி. ரயில் போயிரும்."

எலிசாள் என் தோளில் கை வைத்தாள். "கௌசல்யா, நீங்களும் இறங்குறதுதான் நல்லது. கெட்டியவன் இப்பிடிக் கிடக்கும்போ நீங்க மலை பாக்கப் போனா ஆளுவ என்ன சொல்லுவாவ? ஆயுசு முழுக்கச் சொல்லிக் காட்டுவாவ."

"ஏற்கெனவே ஆயுசு முழுக்கக் கேட்டாச்சு, எலிசாளே" என்றேன். "நீங்க நர்ஸுல்லா, நர்ஸாச் சொல்லுங்க. இறங்கினா இவருக்குச் சரியாகுமா, ஆகாதா?"

அவள் நாடி பிடித்துப் பார்த்தாள். மூச்சைக் கேட்டாள். அவர் கையைக் கம்பளிக்குள் வைத்துவிட்டு, "ஆகும்" என்றாள்.

அவர் என்னைப் பார்த்தார். வா என்று வாயால் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை, கல்யாணமான நாளிலிருந்து அவர் எழுந்தால் நானும் எழுந்துதான் பழக்கம். என் கால் தானாகவே கதவுப் பக்கம் திரும்பியது, அது எனக்குத் தெரிந்தது. அந்தக் காலின்மேல் எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. இத்தனை படி ஏறின கால், இதற்கா? அவருக்கு மங்கி குல்லாவை இழுத்துவிட்டேன். ஸ்வெட்டர் பொத்தானைப் போட்டுவிட்டேன். இஞ்சி மிட்டாய்ப் பொட்டலத்தைச் சட்டைப் பையில் வைத்தேன்.

"நீங்க இறங்குங்க" என்றேன். "நான் ஏறிட்டு வாறேன்."

"என்னது?"

"கீழ போயி சூடா எதாவது குடிச்சுட்டுப் படுங்க. அந்த ஆளு கையை விடாதீங்க. நான் சாயங்காலத்துக்குள்ள வந்திருவேன்."

"நீ தனியாவா?"

"உங்களுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு தெரிஞ்சுதான் போறேன். ஆகும்னா போவேனா? போயிட்டு வாங்க."

அவர் அந்த ஆள் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். டார்ச் வெளிச்சத்தில் வளைவு திரும்புகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் முதுகு அவ்வளவு சின்னதாக எனக்கு என்றைக்குமே தெரிந்ததில்லை. கண் நிறைந்துவிட்டது, அதை ஏன் மறைக்க வேண்டும். அழுதுகொண்டேதான் மேலே நடக்க ஆரம்பித்தேன்.

கொஞ்ச தூரத்தில் தரை வெள்ளையாகிவிட்டது. என் வாழ்க்கையில் நான் மிதித்த முதல் பனி. சர்க்கரை மூட்டை அவிழ்ந்தது மாதிரி இருந்தது, கால் வைத்தால் நறுக்கென்று உள்ளே போனது. ஒரு மூச்சுக்கு ஓர் அடி. அப்புறம் இரண்டு மூச்சுக்கு ஓர் அடி. நெஞ்சு அடிப்பது காதில் கேட்டது. குருங் திரும்பித் திரும்பிப் பார்த்து, "பிஸ்தாரி" என்பார். எலிசாள் எனக்குப் பின்னால் ஜெபம் சொல்லிக்கொண்டே வந்தாள். ஆபீஸ்காரர் ஒருவர் பனியில் உட்கார்ந்துவிட்டார், என்னால் ஆகாது என்றார். நான் அவரைக் கடந்து போனேன். நின்று ஆறுதல் சொல்ல என்னிடம் மூச்சு இல்லை.

ஒரு மேடு. அதன்மேல் இன்னொரு மேடு. அதற்கு மேலே முகாமின் பெயர்ப் பலகை தெரிந்தது. யாரோ அதில் வண்ணத் துணிகளைக் கட்டியிருந்தார்கள், காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டன. குருங் ஒதுங்கி நின்று, நீங்கள் முதலில் போங்கள் என்று கையைக் காட்டினார். எங்கள் கூட்டத்தில் அந்தப் பலகையை முதலில் தொட்டவள் நான்.

நிமிர்ந்து பார்த்தேன். நாலு பக்கமும் மலை. எதிரே அன்னபூர்ணா, அதன் தலையில் அப்போதுதான் வெயில் விழுந்தது. முதலில் நுனி மட்டும் சிவந்தது. பிறகு அந்தச் சிவப்பு பொன்னாகி மெல்ல மெல்லக் கீழே இறங்கியது, நாங்கள் நின்ற இடம் மட்டும் இன்னும் நீலமாகவே இருந்தது. எனக்கு என்ன வந்ததென்றே தெரியவில்லை, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு கத்தினேன்.

"ஏ, கௌசல்யா வந்துட்டேன்டே!"

மலை அதைத் திருப்பிச் சொன்னது. பின்னால் வந்த எலிசாள் என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள், சிரித்தாள், "இயேசப்பா, இது எதுக்கு எங்களுக்கு இத்தனை நாளு காட்டல்ல?" என்று அவளும் கத்தினாள். காலையில் என்னை இறங்கச் சொன்னவள் அவள்தான். அப்படி ஒரு சந்தோஷம் என் உடம்பு அதுவரை அறிந்ததில்லை. பிள்ளை பெற்ற அன்றுகூட வலிதான் முதலில் ஞாபகம் வரும். இங்கே வலியே ஞாபகம் இல்லை.

மற்றவர்கள் போட்டோ எடுத்தார்கள். நான் பார்த்தேன். பலகைக்கு அந்தப் பக்கம் தரை சட்டென்று வெட்டுப்பட்டு, கீழே பனியாறு அழுக்குச் சாம்பலாகக் கிடப்பதைப் பார்த்தேன். எங்கேயோ பனி சரிகிற சத்தம், வெகுநேரம் கழித்து வருகிற அதன் எதிரொலி, மஞ்சள் அலகு வைத்த கறுப்புப் பறவை ஒன்று பயமில்லாமல் என் ஷூவின் பக்கம் வந்து நின்றது என்று எதையும் விடவில்லை. குருங் போகலாம் என்று கூப்பிட்டபோது, இன்னும் ஒரு நிமிஷம் என்று விரலைக் காட்டினேன்.

இறங்கும்போது பயம் பிடித்துக்கொண்டது. அவருக்கு ஏதாவது ஆகியிருந்தால்? ஓட்டமும் நடையுமாக இறங்கினேன், பிஸ்தாரி எல்லாம் பறந்துவிட்டது. தேவுராலியில் விடுதிக்கு முன்னால் ஒரு பெஞ்சில் அவர் உட்கார்ந்திருந்தார். கம்பளியைப் போர்த்திக்கொண்டு பூண்டு சூப் குடித்துக்கொண்டிருந்தார். முகத்தில் ரத்தம் திரும்பியிருந்தது. பக்கத்திலிருந்த ஆள், இவர் படுக்கவே இல்லை, காலையிலிருந்து மேலேயே பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று குருங்கிடம் சொன்னானாம்.

என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். சண்டைக்குத் தயாராக நானும் நின்றேன்.

"தலை எப்படி இருக்கு?"

"அது போச்சு." சூப்பை வைத்துவிட்டு என் ஷூவில் ஒட்டியிருந்த பனியைப் பார்த்தார். "போயிட்டியா?"

"போயிட்டேன்."

"கடைசி வரைக்கும்?"

"பலகையைத் தொட்டுட்டு வாறேன். நான்தான் முதல்ல."

அவர் பெஞ்சில் நகர்ந்து எனக்கு இடம் விட்டார். கம்பளியில் பாதியை என்மேல் போட்டார். "சொல்லு" என்றார்.

சொன்னேன். பனியில் கால் வைத்ததிலிருந்து ஆரம்பித்தேன். மேட்டுக்கு மேல் மேடு வந்ததைச் சொல்லும்போது அவருக்குப் பழக்கம் வந்துவிட்டது. "அதிருமலை தாண்டினதும் இதே மாதிரி ஒரு..."

"பொறுங்க" என்றேன். "இது நான் ஏறின மலை."

அவர் வாயை மூடிக்கொண்டார். அப்புறம் ஒரு வார்த்தை குறுக்கே வரவில்லை. வெயில் எந்தப் பக்கத்திலிருந்து விழுந்தது, சிவப்பு எவ்வளவு நேரம் நின்றது என்று மட்டும் நடுநடுவே கேட்டார். நான் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். பறவையை நடித்துக் காட்டினேன். கத்தினதைக் கத்தியே காட்டினேன், விடுதிக்காரி வெளியே வந்து எட்டிப் பார்த்தாள். சூப் ஆறி ஆடை கட்டிவிட்டது. சொல்லி முடித்தபோது எனக்குத் தொண்டை கட்டியிருந்தது.

அவர் கொஞ்ச நேரம் மேலே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "முதல்லேருந்து இன்னொரு தடவை சொல்லுட்டி" என்றார்.